ஒரு கேம் மட்டும் ஓடுதில்லை, நாளைக்கு ஆள் வருகிறார், என்ன விலை சொல்லலாம்?

பரந்தன் பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும், அவசரம். தங்கச்சியின் கேம்களை எல்லாம் சேர்த்து 6000 ரூபாய்க்கு எடுக்க நாளைக்கு விடிய வவுனியாவில் இருந்து ஒருவர் வருகிறார். பொம்பிளைப் பிள்ளைகள் விளையாடுகிற கேம்கள்தான், உடுப்புக்கடை, சமையல், நாய்க்குட்டி, குழந்தை பார்க்கிறது, அப்படி 11 இருக்கிறது. பத்து ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை. அதுதான் விலை கூடியது என்று மச்சாள் சொன்னவ. துடைத்தும் பார்த்தேன். 6000 காணுமா? அந்த ஒன்றைத் திருத்த ஏலுமா? கெதியாகச் சொல்லுங்கோ.

கனகராயன்:
எந்த மெஷின்? எந்த கேம்? ஓடவில்லை என்றால் என்ன, படம் வந்து நிற்கிறதா, ஒன்றுமே வரவில்லையா? படம் எடுத்துப் போடு.

குளக்கட்டு:
ஆஸ்பத்திரிக்குப் போய் வருத்தம் என்னவென்று சொல்லாமல் மருந்து மட்டும் கேட்கிற மாதிரி இருக்கிறது தம்பி.

சார்ஜர்கடை:
நான் ஃபோன் திருத்துகிற ஆள், பத்துக்கு ஒன்பது, மெஷினைத் தொடுகிற ஊசிகளில் பிடிக்கிற கறள்தான். பரந்தன் புழுதிக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. எதனால் துடைத்தாய்?

சேகரிப்பாளன்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தரம் வந்தாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சரி, ஒரு தரம் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள். பெட்டைகளுக்கென்று வந்த டீஎஸ் (நிண்டெண்டோவின் கைமெஷின்) கேம்கள் சேகரிப்பில் சேர்த்தியே இல்லை. நிண்டென்டாக்ஸ் என்ற அந்த நாய்க்குட்டி கேம் மட்டும் உலகம் முழுக்க 2 கோடியே 30 இலட்சத்துக்கு மேல் விற்றது, யூபிஸொஃப்ட் கம்பனி அந்த இமாஜின் என்ற கேம் வரிசையை மாதத்துக்கொன்று போல இறக்கித் தள்ளியது. வீட்டுக்கு வீடு கிடக்கிற சாமான் எப்படி அரிதாகும்? 6000 தருகிறேன் என்றால் அவர் மனம் மாற முதல் கையில் கொடு.

பரந்தன் பொடியன்:
மெஷின் நிண்டெண்டோ. பாரிஸ் மாமி அனுப்பினவ. துடைத்தது தங்கச்சியின் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால்.

சார்ஜர்கடை:
ஐயோ. அது அசிற்றோன். பிளாஸ்டிக்கை உருக்கும், லேபிளைக் கழுவி எடுத்துவிடும். இனித் தொடாதே. ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஃபோன் திருத்துகிற கடைகளில் இருக்கும், 90 வீதத்துக்கு மேல் உள்ளதாகப் பார். காது துடைக்கிற பஞ்சுக்குச்சியில் கொஞ்சமாகத் தொட்டு ஊசிகளில் மட்டும் இழு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். பாமசியில் விற்கிற ஸ்பிரிட்டில் தண்ணி கலந்திருக்கும், அது கடைசி வழி.

பழைய கோயிலடி:
துடைக்கிற விஷயமே இல்லை இது. உள்ளே சின்ன பற்றரி இருக்கும், அது செத்திருக்கும். என்னிடம் இருந்த கேம்போய் என்ற பழைய மெஷினின் கேம் காட் ஒன்றில் அப்படித்தான் நடந்தது, பற்றரி மாற்றினேன், உயிர் வந்தது.

கனகராயன்:
அண்ணை, கேம்போய் காட் வேறு. டீஎஸ் கேம் அட்டையில் பற்றரியே இல்லை, சேமிப்பு சிப்பிலேயே நிற்கும். கேம்போயிலும் பற்றரி செத்தால் போவது சேமிப்புத்தான், கேம் ஓடத்தான் செய்யும்.

பழைய கோயிலடி:
நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

கனகராயன்:
அப்ப ஒன்றும் சொல்வதற்கில்லை. தம்பி, மெஷின் மடிக்கிறதா இல்லையா?

பரந்தன் பொடியன்:
மடிக்க ஏலாது, பலகைத் துண்டு மாதிரி. படம் போட்டிருக்கிறேன், கரண்ட் இல்லை, டோர்ச் வெளிச்சத்தில் எடுத்தது.

கனகராயன்:
அது 2டீஎஸ், டீஎஸ்ஸுக்குப் பிறகு வந்த 3டீஎஸ்ஸின் மடியாத வகை. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

தையல்காரி:
சேகரிப்பாளன், "பெட்டைகளுக்கென்று வந்தது, சேர்த்தி இல்லை" என்று எழுதினீர்களே, விளையாடிப் பார்த்திருக்கிறீர்களா? படத்தில் கிடக்கிற மெய்சோன் டு ஸ்டைல் எங்கள் மகளிடமும் இருந்தது. வெறும் பொம்மைக்கு உடுப்புப் போடுகிற கேம் இல்லை. கையில் இருக்கிற காசுக்குச் சரக்கு எடுக்க வேண்டும், வாறவவுக்கு என்ன பிடிக்கும், எவ்வளவு செலவழிப்பா என்று பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும், பிழைத்தால் வெறுங்கையோடு போய்விடுவா. நான் புதுக்குடியிருப்பில் தையல்கடை வைத்திருக்கிறேன், தைப்பொங்கலுக்குச் சரக்குக் கட்டின நேரம் இதே தலையிடிதான்.

சேகரிப்பாளன்:
அக்கா, கேம் நல்லதா கூடாததா என்பது வேறு, சந்தையில் என்ன போகும் என்பது வேறு. நான் சந்தையைச் சொன்னேன்.

தையல்காரி:
சந்தையைச் சொன்னவர் "பெட்டைகள்" என்று ஏன் தொடங்கினீர்கள்? துவக்குக் கேம்களும் கோடிக்கணக்கில் விற்றவைதானே, அதற்கு "ஆம்பிளைப் பிள்ளைகளின் சாமான், குப்பை" என்று நீங்கள் எழுதி நான் பார்க்கவில்லை.

குளக்கட்டு:
அக்கா கதைக்கிறது சரி. என் பொடியன் நாய்க்குட்டி கேமில் நாயின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டினவன்.

சேகரிப்பாளன்:
விதண்டாவாதத்துக்கு நான் வரவில்லை.

மாங்குளம் சந்தி:
இப்போதுதான் பார்க்கிறேன். படத்தைப் பெருப்பித்துப் பார்த்ததில் தெரிவது: லியா பாசியோன் என்று இரண்டு, குழந்தையும் மிருக வைத்தியரும். இமாஜின் வரிசை பிரான்சில் அந்தப் பெயரில்தான் வந்தது, மலிவுதான், சேகரிப்பாளன் சொன்னதில் அந்த அளவு உண்மை. நாய்க்குட்டியும் மலிவு. குக்கிங் மாமா ஆங்கில லேபிளோடு கிடக்கிறது. ஓடாதது எது? வலது ஓரத்தில், லேபிள் கலைந்து, ஸ்டைல் சாவி என்று பாதி தெரிகிறதே, அதுவா? அதுவும் பாரிஸில் இருந்தா வந்தது?

பரந்தன் பொடியன்:
ஓம் அதுதான். அதுவும் சமையல் கேமும் ரொறன்ரோ மச்சாள் அனுப்பினவ. மற்றதெல்லாம் மாமி.

சார்ஜர்கடை:
கனடா அட்டை பிரான்ஸ் மெஷினில் ஓடாது என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும். ஆனால் சமையல் கேமும் கனடாதானே, அது ஓடுகிறதே. ஆகவே கறள்தான்.

மாங்குளம் சந்தி:
அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறது. சமையல் கேம் பழைய டீஎஸ் அட்டை, அதற்கு நாட்டுப் பூட்டு இல்லை, எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். ஸ்டைல் சாவி ட்ரென்ட்செட்டர்ஸ் 3டீஎஸ் அட்டை, அதற்குப் பூட்டு உண்டு, 2டீஎஸ்ஸும் அந்தப் பூட்டுக்குள்தான் வரும். தம்பி, இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார், ஓடாத அட்டையின் மேல் மூலையில் சின்னதாய் ஒரு காது நீட்டிக்கொண்டு நிற்கும், சமையல் அட்டையில் அது இராது. லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும், அதில் சிடிஆர் என்று இருந்து யூஎஸ்ஏ என்று முடிகிறதா? பிறகு மெஷினில் செட்டிங்ஸுக்குள் போய் வெர்ஷன் இலக்கத்தின் கடைசி எழுத்தைப் பார். ஈ என்றால் ஐரோப்பா, யூ என்றால் அமெரிக்கா, கனடாவும் அதற்குள்தான்.

பரந்தன் பொடியன்:
காது இருக்கிறது. சிடிஆர், யூஎஸ்ஏ. மெஷினில் ஈ.

மாங்குளம் சந்தி:
அட்டை பழுதில்லை. ஊர் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க மெஷின் ஒன்றில் போட்டுப் பார்க்காமல் பழுதென்று விலை குறைக்காதே. நகப்பூச்சுத் தண்ணியால் லேபிள் போனதற்கு விலை குறையத்தான் செய்யும், அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது.

இனி முக்கியமான விஷயம், மச்சாள் கைகாட்டினதை விட்டுவிட்டு இடது பக்க மூலையைப் பார். லா நுவெல் மெய்சோன் டு ஸ்டைல், 3 என்று போட்டிருக்கிறது, ஸ்டைல் சாவி வரிசைக்குப் பிரான்சில் வைத்த பெயர் அது. 2017இல் வந்தது. ஐரோப்பாவில் அட்டையாக விற்றார்கள், வட அமெரிக்காவில் அட்டையே போடவில்லை, நிண்டெண்டோவின் இணையக்கடையில் தரவிறக்கம் மட்டும்தான். அந்த இணையக்கடையையும் 2023 மார்ச் 27ஆம் திகதி மூடிவிட்டார்கள், இனிப் புதிதாக வாங்க ஏலாது. 3டீஎஸ் காலம் முடிகிற நேரம் வந்த கேம் வேறு, நிண்டெண்டோவின் அடுத்த மெஷினான சுவிட்ச் வந்த அதே வருஷம். அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வவுனியாக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பது இதற்காகவும் இருக்கலாம், தெரியாமலும் கேட்கலாம்.

இபேயில் கேட்கிற விலையைப் பார்க்காதே, கேட்கிறவன் என்னவும் கேட்பான். விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பார். அட்டை மட்டும் என்றால் ஒரு விலை, பெட்டியோடு இன்னொரு விலை, உறை பிரிக்காதது வேறு உலகம். விற்பதென்றால் மாமியிடமே கொடுத்து அங்கே பழைய சாமான் விற்கிற இணையத்தளங்களான வின்டெட்டிலோ லெபோன்குவானிலோ போடச் சொல், அவர்களின் மெஷினில்தான் அது ஓடும்.

சேகரிப்பாளன்:
மூன்றாம் பாகம் எனக்கும் தெரியும். படம் தெளிவில்லாமல் இருந்தது.

தையல்காரி:
ம்.

சார்ஜர்கடை:
இருந்தாலும் ஒருதரம் அற்ககோல் போட்டுத் துடைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

கனகராயன்:
விடமாட்டார். தம்பி, மூன்றாம் பாகத்துக்குப் பெட்டி இருக்கிறதா? தங்கச்சியிடம் கேட்டாயா, விற்கிறதென்று அவளுக்குத் தெரியுமா?

(மறுநாள்)

பரந்தன் பொடியன்:
ஆள் வந்து போய்விட்டார். ஸ்டைல் கேம் மூன்றையும் கொடுக்கவில்லை, முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு மிச்சம் எட்டுக்கும் 3500 தந்தார். மூன்றாவதின் பெட்டி கிடைத்தது, உள்ளே தங்கச்சி ஹெயார்பின்னும் சட்டை ஊசியும் போட்டு வைத்திருந்தாள். நன்றி எல்லாருக்கும், பஸ் வந்துவிட்டது.

கனகராயன்:
பெட்டியின் அட்டைப்படம் கீறலா, முழுசா? படம் போடு.

கனகராயன்:
தம்பி?

பழைய கோயிலடி:
பற்றரியை ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கோ.