முதல் பேஸ் கிட்டார்: முழு நீளமா, குட்டை ஸ்கேலா? நான்கு கம்பியா, ஐந்தா?

கேள்வி – தாழ்சுருதி

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டு பிடித்துப் பாடல்களுக்கு வாசித்து வருகிறேன். நண்பர்கள் சேர்ந்து தொடங்கியிருக்கும் இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆளில்லாததால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு பாடலிலும் பேஸை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கி, இப்போது இந்தக் கருவியின்மீது உண்மையான ஆசை வந்துவிட்டது. ஆனால் எதை வாங்குவது என்பதில் குழப்பம் தீரவில்லை.

என் கைகள் சிறியவை. ஒரு நண்பரின் பேஸில் முதல் நான்கு ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) விரல்களை விரித்து வைத்தபோது சுண்டுவிரல் வலித்தது. கம்பி நீளம் குறைந்த குட்டை ஸ்கேல் பேஸ் வாங்கலாமா என்று கேட்டால், அது சிறுவர்களுக்கானது என்கிறார்கள். இன்னொருவர், பின்னால் மாற்ற வேண்டியிராமல் இப்போதே ஐந்து கம்பி வாங்கிவிடு என்கிறார். ஆக்டிவ், பாசிவ் என்ற வேறுபாடும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. கையிருப்புப் பணத்தில் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி – நான்குகம்பி

வணக்கம். உங்கள் சுண்டுவிரல் வலித்ததற்கு நேரடியான அளவுக் காரணம் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் வழக்கமான ஸ்கேல் நீளம், அதாவது தலைப்பக்கம் கம்பி தங்கும் நட்டிலிருந்து உடல்மேல் கம்பி தங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம், 34 அங்குலம். அந்த நீளத்தில் நட்டுக்கும் முதல் ஃபிரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் இருக்கும். 25.5 அங்குல ஸ்கேல் கொண்ட கிட்டாரில் இதே இடைவெளி 36 மில்லிமீட்டர்தான். குட்டை ஸ்கேல் எனப்படும் 30 அங்குல பேஸில் 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு ஃபிரெட்டுக்கு நான்கு விரல் என்று வைக்கும்போது இந்த ஐந்தாறு மில்லிமீட்டர் வேறுபாடு ஒவ்வொரு விரலிடுக்கிலும் சேர்ந்துகொண்டே போவதால், கைக்கு அது மிகப் பெரிய வேறுபாடாகத் தெரியும். கம்பியின் இழுவிசையும் மாறும்: ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் 30 அங்குலத்தில் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்; அழுத்துவதற்கு மெத்தென்று இருக்கும்.

குட்டை ஸ்கேல் சிறுவர்களுக்கானது என்ற பேச்சைப் பொருட்படுத்தாதீர்கள். பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னர் 30 அங்குல ஸ்கேல் கொண்டதுதான். அதன் ஒலி உருண்டு திரண்டதாகவும், முழு நீள பேஸின் ஒலி இன்னும் தெளிவான விளிம்புகளோடும் இருக்கும். உங்களுக்கு எந்த ஒலி வேண்டும் என்பதைப் பொறுத்த தேர்வு இது, வயதைப் பொறுத்ததன்று.

ஐந்து கம்பியை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பியான ஈ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்தாவதாக வரும் பி கம்பி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த ஆழத்தைச் சிறிய ஆம்ப் எதுவும் சரியாகத் தராது. கழுத்தும் அகலமாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாசிக்காத கம்பிகள் தாமாக அதிராமல் அடக்குவது. பேஸில் பாதி வேலை அதுதான். நான்கு கம்பியை அடக்க இரு கைகளும் பழகிய பிறகு ஐந்தாவதைச் சேர்ப்பது எளிது.

மறுமொழி – காந்தச்சுருள்

நான்குகம்பி சொன்னதோடு, கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் பற்றியும் சேர்க்கிறேன், ஏனென்றால் கடைகளில் பார்க்கும் பெரும்பாலான தொடக்கநிலை பேஸ்கள் இரண்டு ஃபெண்டர் மாதிரிகளின் வழிவந்தவை. முதலாவது 1951இல் வந்த பிரசிஷன். அதில் 1957 முதல் இரண்டாகப் பிளந்து முன்பின்னாக வைக்கப்பட்ட ஒரே பிக்கப் இருக்கிறது. இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் மின்சார இரைச்சல் தானாகவே அடங்கிவிடும். ஒலி நடுவில் தடித்து, குழுவின் மற்ற ஒலிகளுக்கிடையே எளிதாக இடம் பிடித்துக்கொள்ளும். ஒரு வால்யூம், ஒரு டோன், வேறு குமிழ் இல்லை. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டும் மீட்டி எழுப்பிய ஒலி இந்த மாதிரியிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது 1960இல் வந்த ஜாஸ் பேஸ். இரண்டு பிக்கப்புகள், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். உங்களுக்குப் பயன்படும் செய்தி அதன் கழுத்தில் இருக்கிறது: நட்டில் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலம்தான், பிரசிஷனில் அதைவிடக் கூடுதல். கை சிறியது என்பவர்கள் பெரும்பாலும் ஸ்கேல் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள்; கழுத்தின் அகலமும் பருமனும் அதே அளவுக்கு முக்கியம். இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வைத்த கலப்பு மாதிரிகளையும் பல நிறுவனங்கள் செய்கின்றன. முதல் கருவிக்கு அவை நல்ல தேர்வு.

ஆக்டிவ் என்றால் கருவிக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறிய மின்சுற்று இருக்கிறது என்று பொருள். அதைக் கொண்டு தாழொலியையும் மேலொலியையும் கூட்டவும் குறைக்கவும் முடியும். பாசிவ் கருவியில் டோன் குமிழ் மேலொலியைக் குறைக்க மட்டுமே செய்யும். ஆக்டிவ் கருவியில் கேபிளைச் செருகியவுடனே பேட்டரி வேலை செய்யத் தொடங்குவதால், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிட வேண்டும். கற்கும் காலத்தில் ஒலி எங்கிருந்து மாறுகிறது என்பதை விரல்கள் அறிய வேண்டும். பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டினால் இறுக்கமாகவும், கழுத்தின் பக்கத்தில் மீட்டினால் தளர்ந்து அகன்றும் ஒலிப்பதைப் பாசிவ் கருவி மறைக்காமல் காட்டும். ஆகையால் என் வாக்கு பாசிவுக்கே.

மறுமொழி – வில்லும்விரலும்

ஸ்கேல் நீளத்தில் நான்குகம்பியிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். நான்கு ஃபிரெட்டுக்கு நான்கு விரல் என்பது ஒரே வழியன்று. நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸின் கம்பி நீளம் 41 அங்குலத்துக்குமேல். அதை வாசிப்பவர்கள் தாழ்ந்த நிலைகளில் ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலின் துணையோடு சுண்டுவிரல் என்று மூன்று பிடிகளை மட்டும் வைத்து, மூன்று ஃபிரெட்டுக்குச் சமமான தொலைவுக்கே கையைத் திறக்கிறார்கள். நான்காவது தேவைப்படும்போது விரலை நீட்டாமல் கையையே நகர்த்துகிறார்கள். இதே முறையில் 34 அங்குல பேஸை மிகச் சிறிய கைகளாலும் வலியின்றி வாசிக்கலாம். ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலே போனபின் நான்கு விரல் முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

குட்டை ஸ்கேலில் ஈ கம்பி தளர்ந்து, அடித்து வாசித்தால் ஃபிரெட்டில் உரசுவதும் சுருதி ஒரு கணம் ஏறி இறங்குவதும் உண்டு. சற்றுத் தடித்த கம்பி போட்டால் பெருமளவு சரியாகும். இருந்தாலும் முடிவெடுக்கும் முன் இந்த மூன்று பிடி முறையில் முழு நீளக் கருவி ஒன்றை அரைமணி நேரமாவது வாசித்துப் பாருங்கள். விரல் வலிப்பது சில நேரம் கருவியின் குறையாக இல்லாமல், பெருவிரலைக் கழுத்தின் பின்னால் அளவுக்கு மீறி அழுத்துவதால்கூட இருக்கலாம்.

தாழ்சுருதி

மூவருக்கும் நன்றி. அந்த மூன்று பிடி முறையில் ஜாஸ் வகைக் கழுத்துள்ள 34 அங்குலக் கருவி ஒன்றை வாசித்துப் பார்த்தேன், வலி இல்லை. கழுத்து கையில் நன்றாக உட்காருகிறது. பிரசிஷன் வகையில் அதே இடத்தில் கை கொஞ்சம் திணறியது. எனவே முழு நீளம், நான்கு கம்பி, பாசிவ், மெல்லிய கழுத்து என்று தீர்மானித்துவிட்டேன். பழைய கருவி ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வீட்டில் இருக்கும் கிட்டார் ஆம்பையே இதற்குப் பயன்படுத்தலாமா?

மறுமொழி – நான்குகம்பி

நல்ல முடிவு. பழைய கருவியில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. தலைப்பகுதியைக் கண்ணருகே பிடித்து, கழுத்தின் இரு விளிம்புகளையும் உடல்வரை நோட்டமிடுங்கள். ஒரு விளிம்பு உயர்ந்து மற்றது தாழ்ந்து முறுக்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலில் சேரும் இடத்திலுள்ள ஃபிரெட்டில் மறு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்கடியில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் சரி. அதைவிட அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம்; ஆனால் அந்தத் திருகு ஏற்கனவே கடைசி வரை இறுக்கப்பட்டோ தேய்ந்தோ இல்லையா என்பதை விற்பவர் முன்னிலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு சேடில்களைப் பாருங்கள். அவை முழுவதும் தாழ்த்தப்பட்டும் 12ஆவது ஃபிரெட்டில் கம்பி உயரமாகவே நின்றால், கழுத்து பொருத்தப்பட்ட கோணத்தில் சிக்கல் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக, அவசரப்படாமல் மீட்டிக் கேளுங்கள். ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழுவரை ஏதோ ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மங்குவது இவ்வகைக் கழுத்துகளில் அடிக்கடி காண்பது; அதற்காக ஒதுக்க வேண்டாம். குமிழ் திருப்பும்போது கரகரப்பது பெரும்பாலும் தூசிதான்.

மறுமொழி – காந்தச்சுருள்

ஆம்ப் பற்றி: வீட்டிலுள்ள கிட்டார் ஆம்பில் மிகக் குறைந்த ஒலியில் வாசிக்கலாம், கூட்டினால் ஆபத்து. கிட்டார் ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு தூரம் முன்பின் அசைவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஈ கம்பியை உரக்க வாசித்தால் அது கிழிந்துவிடக்கூடும். சிறிய ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் அடிச்சுருதி கிட்டத்தட்ட வருவதேயில்லை. 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ள மேற்சுரங்களைக் கொண்டு காது அதை ஊகித்துக்கொள்கிறது. அதனால்தான் தனிப் பயிற்சிக்கு நல்ல ஹெட்போனும், கருவியில் செருகும் சிறு ஹெட்போன் ஆம்பும் போதும், தரமும் மேல் என்கிறேன். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது 15 வாட் பெட்டி காணாமல் போய்விடும். தாழொலியைக் காது மந்தமாகவே உணர்வதால் கிட்டாரைவிடப் பல மடங்கு திறன் தேவைப்படும். முதலில் கருவிக்கும் ஹெட்போனுக்கும் செலவிடுங்கள். குழு ஒத்திகை நடக்கும் இடத்தில் பேஸ் ஆம்ப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெரிய பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

மறுமொழி – வில்லும்விரலும்

வாங்கியதும் பழைய கம்பிகளை மாற்றிவிட்டு, கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்து செட்-அப் (கழுத்து, கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்தல்) செய்துகொள்ளுங்கள். அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கம்பிகளின் தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளில்) 45 முதல் 105 வரையிலான தொகுப்பு வழக்கமானது. தோளில் மாட்டும் அகலமான பட்டை ஒன்றும் வேண்டும்: உட்கார்ந்து பயிலும்போது கருவி எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்று வாசிக்கும்போதும் அதே உயரத்தில் இருக்குமாறு அதைச் சரிசெய்துகொண்டால், மணிக்கட்டை மடக்க வேண்டியிராது.