விதை எண்ணெய் தடவியும் தோல் காய்ந்தே இருக்கிறதே, ஏன்?

கோடைமழை:
ரசாயன க்ரீம் எல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்து மூன்று மாதமாகக் கை காலுக்கும் தலைக்கும் சூரியகாந்தி எண்ணெய்தான். குளித்து, நன்றாகத் துவட்டி, உடுத்திவிட்டு, நேரம் கிடைக்கும்போது தடவுகிறேன். மேலே பளபளப்பாக இருக்கிறது, ஆனால் உள்ளே தோல் இழுத்துப் பிடிப்பது போகவே இல்லை. முடி நுனி பிளவுபடுவதும் நிற்கவில்லை, உச்சந்தலையில் செதில் வேறு அதிகமாகிவிட்டது. முகத்துக்கு மட்டும் 'திராட்சை விதைச் சாறு கலந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு க்ரீம். அதிலும் பெரிய மாற்றம் இல்லை. எண்ணெயை மாற்ற வேண்டுமா, இல்லை நான் தடவுவதே தப்பா?

கடைசிசொட்டு:
எண்ணெய் நல்ல எண்ணெய்தான், நேரம்தான் தப்பு. எண்ணெயில் தண்ணீரே கிடையாது, அதனால் அது தோலுக்கு ஈரத்தைக் கொடுக்காது. ஏற்கெனவே இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் ஓரளவு தடுக்கும், தோலின் மேல் செதில்களுக்கு இடையே புகுந்து மெத்தென்று ஆக்கும், அவ்வளவுதான். நீங்கள் முழுக்கக் காய்ந்த தோலின் மேல் தடவினால் எதைக் காக்கும்? துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, கை ஈரமாக இருக்கும்போதே நாலைந்து சொட்டு தேய்த்துப் பாருங்கள். அப்படியும் இழுத்தால் முதலில் கிளிசரின் உள்ள லோஷன், அதன் மேல் எண்ணெய். தண்ணீரைப் பிடித்து வைப்பது கிளிசரின், மேலே மூடி போடுவது எண்ணெய். (மூடி போடுவதில் பெட்ரோலியம் ஜெல்லியிடம் எந்த விதை எண்ணெயும் தோற்றுவிடும், 'இயற்கை' அணி கோபப்பட்டாலும் சரி.)

பீக்கர்:
அந்த முகக் க்ரீம் பற்றி. விதை எண்ணெய் வேறு, விதைச் சாறு வேறு. திராட்சை விதையைப் பிழிந்தால் வருவது எண்ணெய், அதில் பெரும்பகுதி லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதே விதையைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து எடுத்தால் வருவது பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள். அது ஆன்டிஆக்ஸிடன்ட், அதில் எண்ணெய் அநேகமாக இருக்காது. டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பாருங்கள். பல நாடுகளில் அளவு அதிகமானது முதலில் வர வேண்டும் என்பதுதான் விதி, 1 சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். உங்கள் சாறு வாசனைப் பொருளுக்கும் பிரிசர்வேட்டிவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது முன்பக்கப் படத்துக்காகச் சேர்த்ததுதான்.

சூரியகாந்தியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண ரகத்தில் லினோலிக் அதிகம். தோலின் தடுப்புச் சுவரில் உள்ள சில செராமைடுகளுக்கு (ஒருவகைக் கொழுப்புகள்) அது தேவை. 'ஹை ஓலிக்' ரகத்தில் ஓலிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலம்தான் 80 சதவீதம் அளவுக்கு, கிட்டத்தட்ட ஆலிவ் எண்ணெய் மாதிரி. 2013இல் வந்த ஓர் ஆய்வில் பெரியவர்களின் கையில் சில வாரம் தடவிப் பார்த்தார்கள், ஆலிவ் எண்ணெய் அந்தச் சுவரைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி அப்படிச் செய்யவில்லை. அதனால் பாட்டிலில் என்ன ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருள்முடி:
தலைக்கு இரண்டு தனிப் பிரச்சினைகள். செதில் பொடுகாக இருந்தால் உடனே உச்சந்தலையில் எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு, நீங்கள் மூன்று மாதமாகப் பந்தி வைத்திருக்கிறீர்கள். கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்புவில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிக்கு வேறு கணக்கு. 2003இல் வந்த ஆய்வு ஒன்றில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில் முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அதில் உள்ள லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடித் தண்டுக்குள் நுழைந்துவிடும். தலைக்குக் குளிப்பதற்கு முன் நீளத்தில் மட்டும் தடவுங்கள். பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது, வெட்டத்தான் வேண்டும். விளக்கெண்ணெய் முடி வளர்க்கும் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பிசுபிசுப்பும் பளபளப்பும் தரும், வளர்ச்சிக்கு நல்ல ஆதாரம் இல்லை.

கோடைமழை:
பட்டியலைப் பார்த்தேன், சாறு கடைசிக்கு முந்தையது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஈரத்தோடு தடவி நாலு நாள் ஆகிறது, கை பரவாயில்லை. முகத்துக்கு ஜோஜோபா வாங்கலாமா? அப்புறம், ஆளிவிதை எண்ணெய் ஒரு பாட்டில் திறந்து ஜன்னலோரம் கிடக்கிறது, லேசாகப் பெயின்ட் வாடை. அதைக் காலுக்குத் தடவலாமா?

பீக்கர்:
ஜோஜோபா வாங்கலாம். பெயரில்தான் எண்ணெய், உண்மையில் அது திரவ மெழுகு, எளிதில் காறாது. முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஓரிரு நாள் பாருங்கள்.

ஆளிவிதை எண்ணெய் காற்று பட்டாலே கெட ஆரம்பிக்கும், நீங்கள் வெயிலும் காட்டியிருக்கிறீர்கள். அந்த எண்ணெயைத்தான் ஓவியர்கள் வண்ணத்தில் கலப்பார்கள், உலர்ந்து படலமாகிவிடும் என்பதால். காலுக்கு வேண்டாம். துணியில் துடைத்தால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்துவிட்டு விரித்துக் காயவையுங்கள்.