மெல்லுகிற பழக்கமும் மாறுகிற முகமும்: பார்த்தவர்கள் சொல்வது

கும்பகோணம், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்

எதிரில் வந்து உட்காருகிற முகம்தான் எனக்குப் பிழைப்பு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும்போது தலையைக் கொஞ்சம்கூடச் சாய்க்க விடமாட்டேன். அப்படி நேராக எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி நடுவில் ஒரு கோடு போட்டுப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற ஆளே கிடையாது. அது இயற்கை, அதை நான் சொல்லவில்லை. சிலருக்குக் காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், ஒரு பக்கம் மட்டும் சதை திரண்டு சதுரமாகத் தெரியும். மறுபக்கம் ஒட்டிப்போய் இருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஆல்பம் போட்டுக் கொடுத்தபோது அவளுடைய அம்மா, "வலது கன்னத்தைக் கொஞ்சம் கொறச்சிடுங்க தம்பி, பொண்ணு மொகம் கோணலாத் தெரியுது" என்றார். மவுஸை நகர்த்தினால் குறைந்துவிடும். ஆனாலும் மனசு கேட்காமல், "பாப்பா எந்தப் பக்கம் மெல்லும்?" என்று கேட்டேன். அம்மா யோசிக்கக்கூட இல்லை, "வலது பக்கந்தான். இடது பக்கம் கடவாப் பல்லப் புடுங்கி நாளாச்சு" என்றார். பிடுங்கிய இடத்தில் மாற்றுப் பல் கட்டவே இல்லை. இட்லி முதல் முறுக்கு வரை எல்லாச் சுமையும் வலது தாடைக்குத்தான்.

நீங்களே பார்க்கலாம். இரண்டு உள்ளங்கையையும் காதுக்குக் கீழே கன்னத்தில் வைத்துக்கொண்டு பல்லை இறுக்கிக் கடியுங்கள். கைக்கு அடியில் ஒரு தசை திரண்டு எழும்பும். மாசிட்டர் என்று டாக்டர்கள் சொல்கிற தசை அதுதான். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி எழும்பி மறுபக்கம் லேசாக அசைந்தால், எந்தப் பக்கத்துக்கு வேலை போகிறது என்று தெரிந்துவிடும். போட்டோவுக்கு உட்காருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, "உதடு சேந்திருக்கட்டும், பல்லு ஒட்ட வேணாம்." அதைச் செய்த நிமிஷமே பாதிப் பேருக்குத் தாடை இறங்கி முகம் தெளிந்துவிடும். அவ்வளவு பேர் தெரியாமலே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெற்றிலைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. புகையிலையை ஒரே கன்னத்தில் அதக்கி வைக்கிற பெரியவர்கள் நிறைய வருவார்கள். துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் உதட்டோரம் கொஞ்சம் இறங்கியே இருக்கும். பல் கறையை டச்சப்பில் வெளுப்பாக்கச் சொல்வார்கள். செய்து கொடுப்பேன், ஆனால் வாயையும் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லாமல் அனுப்புவதில்லை.

மதுரை, பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பவர்

ஸ்டுடியோ அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. எங்களிடம் வருகிறவர்களில் "மொகம் ஒரு பக்கமா இருக்கு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு எதற்காகவோதான் வருவார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு பக்கப் பல் சுத்தமாக இருக்கும், மறுபக்கம் ஈறு வரை காரை கட்டியிருக்கும். மெல்லாத பக்கம் உராய்வே இல்லாததால் அங்கே அழுக்கு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் ஏன் மெல்வதில்லை என்று கேட்டால், சொத்தையோ, கூச்சமோ, ஆடுகிற பல்லோ, கட்டாமல் விட்ட ஓட்டையோ ஏதாவது ஒன்று நிச்சயம் வெளியே வரும். காரணம் அங்கே இருக்கும்போது, ஆளை மட்டும் "ரெண்டு பக்கமும் மெல்லுங்க" என்று அதட்டினால் வலிக்கிற பல்லில் எப்படி மெல்வார்? பல்லைச் சரிசெய்தால் நாக்கு தானாகவே சோற்றை அந்தப் பக்கமும் தள்ளும். பெருத்த தசையும் மெதுவாக இறங்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். நாலைந்து நாளில் ஒரு பக்கம் வீங்கினால் அது மென்றதால் வந்தது இல்லை. பல் வேரில் சீழ் வைத்திருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கலாம், குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். காத்திருக்கக் கூடாது.

பல் எல்லாம் விழுந்தவர்கள் முகம் வேறு விதமாக மாறும். பல் இருக்கிற வரைதான் அதைத் தாங்குகிற தாடை எலும்புக்கு வேலை. பல் போனதும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷத்தில்தான் வேகமாகக் கரையும், அதிலும் கீழ்த்தாடை இன்னும் வேகம். உதடு உள்ளே போய், மோவாய் மூக்கை நோக்கி ஏறிவிடும். வெற்றிலையை உரலில் இடித்துப் போடுகிற பாட்டிகளைப் பார்த்தால் தெரியும். வயசு ஆகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை. பல்செட் போட்டு அனுப்பிய ஒரு பாட்டியை அவருடைய பேத்தி வாசலில் பார்த்து, "ஆச்சி, நீங்களா?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா

என் தம்பிக்கு நைட் ஷிப்ட். தூக்கம் வரக்கூடாது என்று பாக்குப் பாக்கெட் போட ஆரம்பித்தான். முதலில் ரசம் எரிகிறது என்றான். நான் மிளகைக் குறைத்தேன். அடுத்தது பானிபூரி வாய்க்குள் போகவில்லை, உடைத்துத் தின்றான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கன்னம் ரெண்டும் உள்ளே போய், சிரித்தால் உதடு விரியாமல், முகமே இறுகிப்போனபோதுதான் எங்கள் அம்மா பிடிவாதமாக அழைத்துப் போனார். டாக்டர், "உங்க மூணு வெரலச் சேத்து நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வைங்க" என்றார். அவனுக்கு இரண்டு விரல்கூடப் போகவில்லை. பலூன் ஊதச் சொன்னார், கன்னம் உப்பவே இல்லை. வாயின் உள்தோல் நார் நாராக இறுகிவிட்டதாம். பாக்கில் இருக்கிற அரிகோலின்தான் அதற்குக் காரணம், புகையிலையே இல்லாமல் போட்டாலும் இது வரும் என்றார்.

பாக்கு மட்டும்தானே என்று நானும் நினைத்திருந்தேன். வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் பிரிவில் வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நம் மாநிலத்தில் புகையிலையோ நிகோட்டினோ கலந்த குட்கா, பான் மசாலாவுக்கு 2013-லிருந்து தடை. ஆனால் ஷிப்ட் விடுகிற நேரத்தில் வந்து பாருங்கள், கீழே கிடக்கிற பாக்கெட்டுகள் சொல்லும்.

தம்பி விட்டுவிட்டான். கன்னத்துக்குள் ஊசி போட்டார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவில் ஒவ்வொன்றாகக் கூட்டி வைத்து வாயைத் திறக்கப் பழக்கினார்கள், இன்னும் செய்கிறான். கொஞ்சம் திறக்கிறது. பழைய சிரிப்பு வரவில்லை. இந்த இறுக்கம் வந்தவர்களுக்கு வாய்ப் புற்று வரும் ஆபத்து அதிகம் என்பதால் தவறாமல் போய்க் காட்டுகிறோம். உங்கள் வீட்டில் யாராவது காரம் எரிகிறது என்று திடீரென்று சொன்னால், மிளகைக் குறைக்காதீர்கள், சட்டைப்பையைப் பாருங்கள்.

கோயம்புத்தூர், கல்லூரி மாணவனின் அப்பா

பையன் ஆன்லைனில் ரப்பர் மாதிரி ஒரு சூயிங்கம் வாங்கினான். மென்றால் தாடை கத்தி மாதிரி எடுப்பாக வருமாம். காலையிலிருந்து ராத்திரி வரை வாய் ஓயவில்லை. கொஞ்ச நாளில் கொட்டாவி விட்டால் காதோரம் டக்கென்று சத்தம், நெற்றிப்பொட்டில் வலி. டாக்டர் அவனைத் திட்டவில்லை, அதற்கு அவருக்கு நன்றி. "இந்த வயசுல எலும்பு வளந்து முடிஞ்சிருச்சு தம்பி. நீங்க மெல்ற மெல்லுல தசதான் தடிக்கும். தச தடிச்சா மொகம் அகலமாத்தான் ஆகும், கூராகாது" என்று பொறுமையாகச் சொன்னார். கம்மை நிறுத்தி, மெதுவான சாப்பாடும் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்ததில் வலி விட்டது. சத்தம் மட்டும் எப்போதாவது வருகிறது.

ஸ்டுடியோ அண்ணனிடம் ஒரு கேள்வி. கண்ணாடியில் நன்றாக இருக்கிற முகம் செல்போன் படத்தில் மட்டும் கோணலாகத் தெரிகிறது என்கிறான். அதுவும் மெல்லுகிற பழக்கத்தாலா?

கும்பகோணம், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்

இல்லை சார். கண்ணாடியில் நாம் தினமும் பார்ப்பது இடவலம் மாறிய முகம். போட்டோவில் அது மாறாமல் வருவதால் கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிறது. செல்போனைக் கைநீட்டுகிற தூரத்தில் பிடித்தால் மூக்கு பெருத்து, காதும் தாடையும் பின்னால் போய்விடும். தம்பியை ஐந்தாறு அடி தள்ளி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தி, வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்திலும் ஒரு பக்கத் தாடை தடித்துத் தெரிந்தால், மறுபக்கக் கடைவாய்ப் பல்லை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.