தண்ணி விட்டு அறையைக் குளிராக்கிற காத்துக் கூலர் வாங்கினாக்கள், உங்கட அனுபவம் என்ன?

கொக்குவில் வாத்தியார்:
போன சித்திரை வெக்கைக்கு ரியூசன் கொட்டிலுக்கு ஒரு கூலர் வாங்கினன். மேல சீற் கூரை, உள்ள 35 பிள்ளையள். முதல் அரை மணித்தியாலம் நல்ல குளிர்மை. பேந்து ஒரே அவிச்சல், கொப்பித் தாள் எல்லாம் நமுத்துப்போச்சு. வெப்பமானிக் குமிழில ஈரத்துணி சுத்திப் பாத்தன். வெறுங்குமிழ் 33 பாகை, ஈரக்குமிழ் 28. சுத்திவரக் கடல், வேற எப்பிடி இருக்கும்? ஈரத்தை உள்ளுக்கு விடாத வகை ஒண்டு இருக்காமே, ஆராவது கண்டனீங்களோ?

ஏசி வேலைக்காரன்:
இருக்கு சேர். நடுவில மெல்லிய தகடு. ஒரு பக்கம் தண்ணி ஆவியாகும், மற்றப் பக்கத்தால எங்கட காத்து நனையாமல் குளிர்ந்து வரும். 1 லீற்றர் ஆவியாகேக்க கிட்டத்தட்ட 0.67 யூனிற் கரண்டுக்குச் சமனான சூட்டை இழுக்கும். கரண்ட் தேவை விசிறிக்கும் சின்னப் பம்புக்கும்தான்.

ஆனா ஈரக்குமிழ் காட்டுறதுதான் தண்ணி ஆவியாகிக் குளிரக்கூடிய எல்லை. ஈரப்பக்கத்துக்கும் வெளிக்காத்தையே விட்டால் உங்கட 28ஐச் சுத்தித்தான் நிக்கும். நான் ரியாத்தில வேலை செய்தனான், அங்க காத்துக் காஞ்சது, பிசகில்லை. இங்க ஏசி அறை வெளிய தள்ளுற காத்தை அந்தப் பக்கத்துக்குத் திருப்போணும். அது 25 பாகை எண்டால் ஈரக்குமிழ் 19 அளவில நிக்கும். உள்ள வாற புதுக்காத்து அந்தத் தகட்டில சூட்டை விட்டிட்டு வர, கொம்பிறசருக்கு வேலை குறையும்.

ஒரு கந்தோரில பூட்டின அண்டைக்கே காஞ்ச பக்கத்தால தண்ணி சொட்டினது. தகடு வெடிச்சிட்டுது எண்டு கழட்டினன், ஒரு கீறலும் இல்லை. வெளிக்காத்தின்ர நீராவி குளிர்ந்த தகட்டில ஒடுங்கிச் சொட்டுது! புழுக்கத்தில ஒரு பங்கு வாசலிலேயே கழருது, நல்லதுதான். வடிகுழாய் வைக்காதது என்ர பிழை. மேசையில இருந்த பைல் நாலு நனைஞ்சு, வாங்கிக் கட்டினன்.

சுன்னாகம் அக்கா:
எங்கட கிணத்துத் தண்ணியில கவனம். கேத்திலில படியிற வெள்ளைதான் அங்கயும் படியும். தண்ணி போயிடும், சுண்ணாம்பு நிக்கும். எங்கட கூலர் அட்டை மூண்டு மாசத்தில கல்லு. தொட்டித் தண்ணியை அடிக்கடி வடிச்சு விடோணும்.

கொக்குவில் வாத்தியார்:
ஏசி இல்லாத கொட்டிலுக்கு?

ஏசி வேலைக்காரன்:
தகட்டுக்குக் காசு சிலவழிக்காதேங்கோ சேர். சீற்றுக்கு மேல கிடுகு போடுங்கோ. கூலரில தண்ணி விடாமல் விசிறியை மட்டும் ஓட விடுங்கோ.