காலையில் காரைக் கிளப்பினாலே "கார் வந்தாச்சு" என்கிறது வீடு. பீக்கன் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

காரமடைக்காரன்
வணக்கமுங்க. எங்க வீட்ல ஹோம் அசிஸ்டென்ட் (லைட், கேட் எல்லாத்தையும் தானா இயக்கற மென்பொருள்) ஓடுது. கார் வந்ததும் போர்டிகோ லைட் எரியணும், ஸ்லைடிங் கேட் திறக்கணும், ஹால் ஸ்பீக்கர் "கார் வந்தாச்சு"ன்னு சொல்லணும். இதுக்காக கார் சார்ஜர்ல ஒரு இஎஸ்பி32 போர்டை (வைஃபை, புளூடூத் உள்ள சின்னக் கன்ட்ரோலர்) சொருகி ஐபீக்கனா, அதாவது தன் அடையாள எண்ணைப் புளூடூத்ல திரும்பத் திரும்ப அனுப்பற பீக்கனா ஓட்டுறேன். போர்டிகோ சுவத்துல இருக்கற இன்னொரு இஎஸ்பி32 அதைத் தேடுது. ரெண்டுலயும் ஓடறது இஎஸ்பிஹோம்ங்கற மென்பொருள்தான்.

தொல்லை ரெண்டுங்க. ஒண்ணு, காலைல ஆபீஸ் கிளம்ப சாவி போட்டதுமே வீடு "கார் வந்தாச்சு"ன்னு சொல்லி கேட்டையும் திறந்துருது. அம்மா சமையக்கட்டுல இருந்து "இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள யாரு வந்தா"ன்னு கேக்கறாங்க. ரெண்டு, சாயங்காலம் நிஜமாவே வர்றப்ப அது முழிச்சுக்கறதுக்குள்ள நான் இறங்கிக் கேட்டைத் தள்ளியே விட்டுடறேன். என்ன பண்ணலாமுங்க?

வைகை வயர்மேன்
எதுக்குண்ணே இம்புட்டு பாடு? போன்ல ஹோம் அசிஸ்டென்ட் ஆப் இருக்குல்ல, லொகேஷனை ஆன் பண்ணி விடுங்க. வீட்டுப் பக்கம் வந்ததும் அதுவே சொல்லிரும்.

காரமடைக்காரன்
அதுல ஆரம்பிச்சுத்தான் இங்க வந்து நிக்கறேனுங்க தம்பி. காரை நானும் ஓட்டுவேன், தங்கச்சியும் ஓட்டுவா, சில நாள் டிரைவர் எடுத்துட்டு வருவார். என் போன் எங்க இருக்குன்னு தெரிஞ்சா கார் எங்க இருக்குன்னு ஆயிடுமா? நான் நடந்து பால் வாங்கிட்டு வந்தாலும் கேட் திறக்கும்.

ரிலே ராணி
அதுவும் போக, ஹோம் அசிஸ்டென்ட்ல வீட்டு வட்டம் எடுத்த எடுப்புல 100 மீட்டர். பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் எப்போ லொகேஷன் அனுப்பும்னு சொல்லவே முடியாது. லைட் போட இது போதும், கேட்டுக்குச் சரிப்படாது.

ஒரு கேள்விங்க. சாவியை எடுத்ததும் அந்த சார்ஜர்ல கரன்ட் நிக்குதா? சில கார்ல நிக்காது. அப்படின்னா பீக்கன் ராத்திரி முழுக்க ஓடிட்டு இருக்கும்.

காரமடைக்காரன்
நிக்குதுங்க. சாவி போட்டாத்தான் கரன்ட்.

ரிலே ராணி
அப்போ உங்க முதல் தொல்லைக்குக் காரணம் அதுவேதான். பீக்கன் தெரியுதுன்னா "கார் வந்துச்சு"ன்னு அர்த்தமில்லை, "கார்ல சாவி போட்டிருக்கு, கார் பக்கத்துல இருக்கு"ன்னுதான் அர்த்தம். கிளம்பும்போதும் இதே நிலைமைதான். பீக்கனை மட்டும் வெச்சுக்கிட்டு ரெண்டையும் பிரிக்க முடியாது.

சாலிடர் சாமி
ராணி சொன்னது சரி. இரண்டாவது தொல்லைக்கு நான் பதில் சொல்கிறேன். பீக்கனைத் தேடும் வீட்டு போர்டின் அமைப்பைத் திறந்து பாருங்கள். இஎஸ்பிஹோமில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒவ்வொரு 320 மில்லிசெகண்டிலும் 30 மில்லிசெகண்ட் மட்டுமே புளூடூத்தைக் கேட்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு நேரம்கூடக் காது திறந்திருக்காது. உங்கள் பீக்கன் நொடிக்கு ஒரு தடவை கூவுகிறது என்றால், பல கூவல்கள் யாரும் கேட்காமலே போய்விடும். சில நாள் உடனே பிடிக்கும், சில நாள் பத்து நொடிக்கு மேலும் இழுக்கும்.

இரண்டு பக்கமும் சரி செய்யுங்கள். கார் போர்டு கரன்டைப் பேட்டரியிலிருந்தா எடுக்கிறது? இல்லையே, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். நொடிக்கு ஐந்து முதல் பத்து தடவை அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு போர்டில் கேட்கும் நேரத்தைப் பாதி அளவுக்கு ஏற்றுங்கள். முழுவதும் ஏற்றினால் வைஃபை திணறும், ஏனென்றால் அந்தச் சிப்பில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சேர்த்து இருப்பது ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. லேன் கேபிள் இணைக்கிற போர்டு வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை, முழுவதும் ஏற்றலாம்.

வைகை வயர்மேன்
நானும் பீக்கன் வச்சிருக்கேன் சாமி, ஆனா காயின் பேட்டரி போட்டது. அதை டாஷ்போர்டு மேலயே விட்டுறலாமா?

சாலிடர் சாமி
வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு நம் ஊரில் 70 டிகிரியைத் தாண்டும். சாதாரண சிஆர்2032 அந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை. சீட்டுக்குக் கீழே வையுங்கள். பவர் பேங்கை மட்டும் காரில் எங்கேயுமே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ரிலே ராணி
சரி, காரமடைக்காரரோட முதல் தொல்லைக்கு வர்றேன். போர்டிகோவுல கார் நிக்குதா இல்லையான்னு பார்க்க தனியா ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் போடுங்க. அது காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வர்ற நேரத்தை வெச்சுத் தூரத்தை அளக்கும். கணக்கு சுலபம். பீக்கன் புதுசா தெரியறப்போ போர்டிகோ காலியா இருந்தா கார் வருது. கார் நின்னுட்டு இருந்தா கிளம்புது. அவ்வளவுதான்.

சென்சாரைச் சுவத்துல வெச்சு கண்ணாடியைப் பார்க்க விடாதீங்க. சாய்வான கண்ணாடியில பட்ட அல்ட்ராசோனிக் ஒலி திரும்பி வராம வேற பக்கம் போயிடும். சீலிங்ல மாட்டி நேரா கார் கூரையைப் பார்க்க விடுங்க. மழைச்சாரல் அடிக்கற இடம்னா தண்ணி புகாத ஜேஎஸ்என் வகை வாங்குங்க. எதிரொலி வந்ததைச் சொல்ற எக்கோ பின்ல 5 வோல்ட் வரும், இஎஸ்பி32 தாங்கறது 3.3 வோல்ட்தான். 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைச்சு விடுங்க.

லேசர் வகை சின்ன சென்சாரும் கிடைக்குது. ஆனா விஎல்53எல்0எக்ஸ் மாதிரியானது 2 மீட்டரோட நின்னுடும், வெயில் பட்டா அதுகூட எட்டாது. மால் பார்க்கிங்ல தரைக்குள்ள கம்பிச் சுருள் பதிச்சிருப்பாங்களே, நம்பகம்னா அதுதான். டைல்ஸை உடைக்க வீட்ல சம்மதிச்சா போடுங்க :)

காரமடைக்காரன்
டைல்ஸ் பேச்சே வேண்டாமுங்க. சென்சாரைச் சீலிங்ல மாட்டியாச்சு. கார் நிக்கறப்ப 1.5 மீட்டர்னு சரியாக் காட்டுது. கார் இல்லாதப்ப "தெரியவில்லை"ன்னு வருது. சீலிங் உசரம் 10 அடி. சென்சார் கெட்டதா?

ரிலே ராணி
சென்சார் நல்லாத்தான் இருக்கு. இஎஸ்பிஹோம்ல அல்ட்ராசோனிக்குக்கு எல்லை வெக்கலைன்னா 2 மீட்டர்தான். 10 அடின்னா தரை 3 மீட்டர்ல இருக்கு, அதனால எக்கோ வரதுக்கு முன்னாடியே கைவிட்டுடுது. டைம்அவுட்ங்கற அந்த எல்லையை 4 மீட்டர்னு மாத்துங்க. அளவெடுக்கற இடைவெளியும் 60 நொடின்னு இருக்கும், அதை 1 நொடி ஆக்குங்க.

1.9 மீட்டருக்குக் கீழே வந்தா "கார் இருக்கு"ன்னு வெச்சுக்கலாம். ஸ்கூட்டர் சீட் இதுக்குச் சிக்காது. ஆள் நின்னா சிக்குவாங்க, அதனால நிலைமை 20 நொடி மாறாம இருந்தாத்தான் ஏத்துக்கணும்னு ஒரு தாமதம் வெச்சுடுங்க.

சாலிடர் சாமி
வெயிலில் அளவு மாறுமே என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. மூன்று மீட்டரில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். கூரையா தரையா என்று பார்க்க இது ஒரு பொருட்டே இல்லை.

அதைவிட முக்கியமானது கேட். ஐபீக்கன் தன் அடையாள எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படிதான் கத்துகிறது. தெருவில் நிற்கும் ஒருவர் இலவச ஆப் ஒன்றில் அதைப் படித்து, தன் போனிலிருந்தே அதே எண்ணை அனுப்பலாம். நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது போர்டிகோ காலியாகத்தான் இருக்கும், ராணியின் கணக்குப்படி கேட் திறந்துவிடும். லைட்டும் ஸ்பீக்கரும் பீக்கனை நம்பட்டும். கேட்டை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காரமடைக்காரன்
கேட்டுக்காகத்தானுங்க இவ்வளவும் பண்ணினதே!

சாலிடர் சாமி
புரிகிறது. பீக்கன் தெரிந்ததும் வீட்டிலிருப்பவர்கள் போனுக்கு "கேட் திறக்கவா" என்று பட்டனோடு அறிவிப்பு போகட்டும், யாராவது தட்டினால் திறக்கட்டும். இல்லையென்றால் கேட் மோட்டாரோடு வந்த ரிமோட்டைக் காரில் வையுங்கள். ரோலிங் கோடு வகை ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண்ணை மாற்றும், ஒட்டுக்கேட்டவர் அதையே திரும்ப அனுப்பினாலும் பயனில்லை.

காரமடைக்காரன்
அம்மாகிட்ட பட்டனைக் குடுத்தாச்சுங்க. இப்ப எல்லாம் ஒழுங்கா நடக்குது, ஒண்ணைத் தவிர. கிளம்பி கேட்டுக்கு வெளிய நிறுத்திப் பூட்டறப்ப சில சமயம் சிக்னல் விட்டுவிட்டு வருது. போர்டிகோ அப்ப காலி, அதனால மறுபடி "வந்தாச்சு".

ரிலே ராணி
பீக்கன் காணாமப் போச்சுன்னு முடிவு கட்ட எவ்வளவு நேரம் வெச்சிருக்கீங்க?

காரமடைக்காரன்
5 நிமிஷம்தான் முதல்ல இருந்துச்சு. லைட் சீக்கிரம் அணையட்டும்னு 10 நொடி ஆக்கினேன்.

ரிலே ராணி
அதை 2 நிமிஷம் ஆக்குங்க. லைட்டை அணைக்க தனி டைமர் வெச்சுக்கலாம், பீக்கனோட நேரத்துல கை வைக்க வேண்டாம். கரன்ட் போய் வந்தா சென்சார் நிலைமை கொஞ்ச நேரம் தெரியாம இருக்கும், அதைக் "காலி"ன்னு எடுத்துக்க விட்டுடாதீங்க. காலின்னு உறுதியா வந்தா மட்டும் பேசணும்.

வைகை வயர்மேன்
அக்கா, அந்த ரெசிஸ்டர் ரெண்டும் எப்படி மாட்டணும்னு ஒரு படம் போடுங்களேன். நானும் சீலிங்ல ஏத்தப் போறேன்.