‘ஆக்டிவேட்’டுக்குச் ‘செயல்படுத்து’ போதுமா?

வணக்கம்.

மென்பொருள் பொத்தான்களுக்கு நாம் தேடிவரும் தமிழ்ச் சொற்களில் ‘இன்ஸ்டால்’ பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை, ‘நிறுவு’ ஊன்றிவிட்டது. எனக்கு உறுத்துவது ‘ஆக்டிவேட்’தான். ‘செயல்படுத்து’ என்றே இருக்கட்டும் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அதே சொல்லை ‘எக்சிகியூட்’, ‘எனேபிள்’, ‘இம்ப்ளிமென்ட்’ மூன்றுக்கும் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறோம், இன்னும் எத்தனை பாரம்தான் அது சுமக்கும்?

போன வருடம் அண்ணனின் கணினியில் நச்சுநிரல் தடுப்பான் ஒன்றை நிறுவிக் கொடுத்தேன் (வைரஸ் என்றே சொல்லுவோம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை). முடிந்ததும் தமிழ் இடைமுகத்தில் ‘செயல்படுத்து’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, பச்சைக் குறிகூட வந்துவிட்டதே என்று அவர் அதைத் தொடவே இல்லை. 30 நாள் சோதனைக் காலம் முடிந்தது, புதுப்பிப்பு நின்றது, காசு கொடுத்து வாங்கிய உரிமத் திறவுகோல் (லைசென்ஸ் கீ) உறை பிரிக்காமல் மேசையில் கிடந்தது. அவர் மேல் தப்பில்லை.

அந்தப் பொத்தான் என்னதான் செய்கிறது? திறவுகோலை நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) அனுப்புகிறது, அது செல்லுமா, இதற்குமுன் எத்தனை கணினிகளில் பயன்பட்டிருக்கிறது என்று அங்கே பார்க்கிறார்கள், சரியென்றால் இந்தக் கணினியோடு முடிச்சுப் போடுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்குத்தான் ஓராண்டுக் கணக்கும் ஆரம்பமாகிறது. ஆக, தொடங்குவது மென்பொருள் அல்ல, உரிமம். ‘உரிமம் தொடங்கு’ என்றே எழுதலாமே?

தடுப்பான் பின்னணியில் ஓயாமல் கண்காணிக்கும் நிகழ்நேரப் பாதுகாப்புக்கு ‘இயக்கு’, ‘நிறுத்து’ போதும். வின்டோஸோடு வரும் டிஃபெண்டரைப் பாருங்கள், வேறு தடுப்பானை நிறுவினால் தானாக ஒதுங்கிக்கொள்கிறது, அதற்குத் தனியாக உரிமம் என்ற பேச்சே கிடையாது. இயக்குவதும் உரிமம் தொடங்குவதும் வேறு வேறு வேலை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

‘ஆக்டிவேட்’டுக்கு ‘உயிர்ப்பி’ என்பது சிம் அட்டைக்கு அழகுதான். ஆனால் இங்கே நச்சுநிரலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் விபரீதம்!

அப்புறம் ‘டீஆக்டிவேட்’. பழைய கணினியிலிருந்து உரிமத்தைக் கழற்றிப் புதியதில் போட உதவுவது அது. ‘செயலிழக்கச் செய்’ என்று எழுதினால் யார்தான் பயப்படாமல் அழுத்துவார்கள்? ‘உரிமம் விடுவி’ என்கிறேன்.

‘உரிமத் தொடக்கம்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது கொஞ்சம் தட்டையாக ஒலிக்கிறது, பொத்தானிலும் இடம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். இதைவிடக் குறுகியது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், ‘செயல்’ என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.