ஆம்புளயளுக்கு 15,000 ரூபா, எங்களுக்குக் கோப்பை செட்

களுவாஞ்சி பெடல்:
வணக்கம். சித்திரை விளையாட்டு விழா சைக்கிள் ஓட்டத்தப் பத்தி ஒரு கேள்வி. எங்கட ஊர்ல இந்தமுறை ஆம்புளயள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் மட்டும் போய் கிறுகி வந்தாங்க. முதலாமிடத்துக்கு 15,000 ரூபா. எங்களுக்குக் கோயிலடியில இருந்து சந்தி மட்டும், 4 கிலோமீற்றர். அண்ணாட ரேஸ் சைக்கிள்ல, சீற்ற அடிமட்டும் இறக்கியும் கால் எட்டாமத்தான் ஓடி முதலாவதா வந்தன். தந்தது 6 சாப்பாட்டுக் கோப்பை. அதுல ஒண்டு வெடிச்சது. கேட்டா, "ஏழு புள்ளையள்தானே ஓடின, மறுகா என்னத்துக்குக் காசு" எண்டாங்க. அடுத்த வருசக் கூட்டத்துக்கு நான் போவன். என்ன சொல்லிக் கேக்கலாம்?

வாவிக்கரை அக்கா:
தங்கச்சி, பிரான்ஸ்லயும் இதே கூத்துத்தான் நடந்தது. பாரிஸ்-ரூபே சைக்கிள் ஓட்டம் 1896ல தொடங்கின. பொம்புளயள ஓட விட்டது 2021ல. சேறும் கல்லுமான அந்த ரோட்டுல இங்கிலாந்துக்காரி லிஸ்ஸி டெய்க்னன் 80 கிலோமீற்றருக்கு மேல தனிய ஓடி வெண்டா. கையுறையும் போடல்ல, ஹாண்டில் முழுக்க ரத்தம். பரிசு 1,535 யூரோ. மறுநாள் வெண்ட ஆம்புளைக்கு 30,000.

டயர்கடை:
சும்மா கதைக்காதீங்க. சனம் பாக்கிறது ஆம்புளயள்ர ஓட்டத்த. ஸ்பொன்சர் அங்கதான் காசு போடுவான். தூரமும் பொம்புளயளுக்குக் குறைவுதானே?

வாவிக்கரை அக்கா:
தூரத்த ஆர் குறைச்ச, தம்பி? ரூபேல ஆம்புளயள் ஓடின 257 கிலோமீற்றர், இவ ஓடின 116. கிலோமீற்றருக்கு இவ்வளவு எண்டு குடுத்தாலும் பாதிக்குக் கிட்ட வரணும். குடுத்தது இருபதில ஒரு பங்கு. இன்னொண்டு கேளுங்க: 2019ல பெல்ஜியத்து ஓம்லூப் ஓட்டத்துல சுவிஸ்காரி நிக்கோல் ஹன்செல்மான் தனிய முன்னுக்குப் போனா. பத்து நிமிசம் முதல் வெளிக்கிட்ட ஆம்புளயள்ர பின்வாகனங்களுக்குக் கிட்டப் போயிட்டா. அப்ப மறிச்சு நிப்பாட்டினது பொம்புளயள்ர ஓட்டத்த!
தங்கச்சி, காசுக்கு முதல் தூரத்தக் கேளுங்க. நாலு கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஆர் காலைல மெனக்கெட்டு வருவா? அதாலதான் ஏழு பேர்.

டயர்கடை:
சரி, அந்தக் கணக்கு நியாயம்தான். சீற் கம்பியக் கொண்டுவாங்க, அரிஞ்சு கட்டையாக்கித் தாறன். காசு வேணாம்.

களுவாஞ்சி பெடல்:
பெரிய உதவி, அண்ணன். அப்ப கல்லடிக்குப் போற வழியில கிரான்குளம் மட்டும் போய்க் கிறுகி வாற ஓட்டம் கேக்கிறன். நாளைக்கு விடிய, கச்சான் காத்து எழும்ப முதல், ஓடி நேரம் பாக்கப்போறம். மூணு புள்ளையள் வாறாங்க, ஒருத்திட்ட கூடை வச்ச லுமாலா சைக்கிள்தான் இருக்கு. ஆரிட்டயாவது சும்மா கிடக்கிற ரேஸ் சைக்கிள் இருக்கா?